முளையை அடித்தபின் கையேந்துவோம்: அகழ்ப்போரிலிருந்து அடையாற்றங்கரை வரை



டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுடன் ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ கூடாரம் அடித்துத் தங்க விரும்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தியாகராய நகர்க் கடைகளில் நிறத்தையும் விலையையும் பார்த்து ஒரு கூடாரத்தை வாங்கிவிடுகிறோம். அது எந்தக் காற்றைத் தாங்கும் என்று கேட்பதற்கு மறந்துவிடுகிறோம். அக்கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நம் மயிலாப்பூர்க் கடலோரத்திலேயே எழுதப்பட்டது.

முதலில் மதீனாவை நினைவுகூர்வோம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627), கடுங்குளிர்க் காலம். ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை நகரை முற்றுகையிட்டது. சல்மான் பாரிஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி முஸ்லிம்கள் அகழி தோண்டினர். சல்உ மலையைத் தம் முதுகுப்புறம் வைத்து முகாமிட்டனர். ஓர் இரவில் வீசிய குளிர்காற்று எதிரிகளின் கூடாரங்களைப் பிய்த்தது. அடுப்புகளை அணைத்துப் பாத்திரங்களைக் கவிழ்த்தது. அல்லாஹ்வின் உதவியாக வந்த அக்காற்றைத் திருக்குர்ஆனின் அல்அஹ்ஸாப் அத்தியாயம் 9ஆம் வசனம் நினைவூட்டுகிறது. பசியோடு மண்ணை அள்ளிய கைகளே பின்னர் துஆவுக்காக உயர்ந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

கூடாரக் கலையை நம் மண்ணில் பெரிதாக வளர்த்தவர்கள் முகலாயர். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபஸ்ல் தமது 'ஆயினே அக்பரி'யில் அரசுக் கூடாரங்களைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார். 'பார்காஹ்' என்னும் பெருங்கூடாரத்தை நிறுத்த ஆயிரம் பணியாளர்களுக்கு ஒரு வாரம் ஆகும் என்கிறார். சாமியானா, கனாத்து, டேரா ஆகிய சொற்கள் அந்த மரபின் வழியே தமிழுக்கு வந்தவை. 'டேரா போட்டுவிட்டான்' என்று இன்றும் நாம் வேடிக்கையாகச் சொல்வது அதன் எச்சமே.

இனி 1746ஆம் ஆண்டின் சென்னைக்கு வருவோம். செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினார். வடகிழக்குப் பருவமழை நெருங்குவதை அறிந்திருந்தும், மீட்புத்தொகைப் பேரத்தில் நாட்கள் கழிய, அவருடைய கப்பல்கள் துறைமுகமற்ற திறந்த கடலிலேயே நின்றன. அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. கப்பல்கள் சில மூழ்கின. சில பாய்மரம் இழந்தன. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே பருவத்தில் ஆற்காடு நவாப் அன்வாருத்தீன் கானின் மூத்த மகன் மஹ்பூஸ் கான், கோட்டையை மீட்கப் படையோடு வந்து கூடாரம் அடித்தார். நவம்பர் 2 அன்று பிரெஞ்சுக்காரர் வெளியேறித் தாக்கினர். விரைந்து சுடும் அவர்களின் பீரங்கிகளுக்கு முன் நிற்கவியலாமல், கூடாரங்களையும் மூட்டை முடிச்சுகளையும் விட்டுவிட்டு நவாபின் படை சாந்தோம் பக்கம் பின்வாங்கியது. நவம்பர் 4 அன்று புதுச்சேரியிலிருந்து வந்த பாராடியின் சிறு படை, ஏறக்குறைய ஆயிரம் பேர், அடையாற்றைக் கடந்து, எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய அப்படையைக் கலைத்தது. மஹ்பூஸ் கானின் இளவலே பின்னாளில் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டிய நவாப் முகம்மது அலி வாலாஜா.

அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு தரப்பும் பாடம் கற்றன. பெரிய கப்பலும் பெருந்திரளான கூடாரங்களும் தம்மளவில் பாதுகாப்பு அல்ல. கப்பலுக்கு நங்கூரம் எதுவோ, கூடாரத்துக்கு முளை அதுவே. அடையாறு தியோசாபிக்கல் சொசைட்டியின் முதிய ஆலமரத்தின் தாய்த்தண்டே 1989இல் காற்றில் சாய்ந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் தெருக்களில் என்ன செய்தது என்பதை நாமே கண்டோம்.

ஆகவே கூடாரம் வாங்கும்போது நாம் துணியைவிட அதன் எலும்பைப் பார்க்க வேண்டும். உயரமான, செங்குத்துச் சுவர் கொண்ட கூடாரத்தில் காற்று முட்டும். தாழ்ந்து வளைந்ததன்மேல் காற்று வழுக்கிச் செல்லும். கம்பிகள் ஒன்றையொன்று பல இடங்களில் குறுக்கே வெட்டிச் செல்வது நல்லது. மலிவான கண்ணாடியிழைக் கம்பியைவிட அலுமினியக் கம்பி நம்பத்தக்கது. மழையைத் தடுக்கும் மேல்துணி தரையை ஒட்டி இறங்க வேண்டும். ஆனால் உள்ளே மூச்சின் ஈரம் தங்காதிருக்கக் காற்றுவழியும் வேண்டும். இழுகயிறுகள் எல்லாவற்றையும் கட்ட வேண்டும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் சிறு முளை நிற்காது. மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டிப் புதைப்பதே வழி. ஓடைப்படுகையிலும் பட்ட மரத்தடியிலும் தங்கலாகாது. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. 1997இல் மினாவில் தீ 343 ஹாஜிகளின் உயிரைப் பறித்த பிறகே, அங்கே எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் எழுந்தன. புயல் எச்சரிக்கை வந்தால், எத்தனை நல்ல கூடாரமானாலும் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவதே அறிவு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலே வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீயில் வருகிறது. நம் பிள்ளைகளின் கையில் ஒரு முளையையும் சுத்தியலையும் கொடுக்கும்போது இந்தப் பாடத்தையும் சேர்த்தே கொடுப்போம். அல்லாஹ் நம் அனைவரையும் காற்றின் தீங்கிலிருந்தும் வெள்ளத்தின் தீங்கிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.