பேய் சொல்லும் சாட்சியம்: அண்மைக்காலத் திகிற்படங்களும் எழுதப்படாத வரலாறும்

திகிற்படம் கற்றோராற் பெரிதும் பொருட்படுத்தப்படாத ஒரு கலைவடிவம். இருட்டறையிற் சிறிது நேரம் அஞ்சி, வெளியே வந்ததும் அவ்வச்சத்தைச் சிரித்து மறப்பதற்கான மலிவான பொழுதுபோக்கு என்பதே அதுபற்றிய பொதுவான மதிப்பீடாக இருந்து வந்துள்ளது. வெளிவரும் படங்களுட் பெரும்பாலானவற்றை நோக்குமிடத்து இம்மதிப்பீடு முற்றிலும் தவறானதென்று கூறுவதற்குமில்லை. எனினும், ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகின்றது என்ற வினா, அச்சமூகம் எதை மறைத்து வைத்திருக்கின்றது என்ற வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வகையில் திகிற்படம் வரலாற்று மாணவரின் கவனத்துக்கும் உரியதாகின்றது.

அண்மைக்காலத்தில் இரசிகராலும் விமரிசகராலும் ஒருங்கே போற்றப்பட்ட திகிற்படங்கள் சிலவற்றில் ஒரு பொதுப்பண்பைக் காணலாம். பழைய படங்களிற் பேய் வெளியிலிருந்து வந்தது. அதனை அழிப்பதோ ஓட்டுவதோ கதையின் முடிபாக அமைந்தது. இப்புதிய படங்களிற் பேய் வீட்டினுள்ளேயே இருக்கின்றது. யாரும் கேட்க விரும்பாத ஒரு சாட்சியத்தைச் சொல்வதற்காகவே அது தோன்றுகின்றது. ஈரான், குவாத்தமாலா, தென் சூடான் ஆகிய நாடுகளின் போர்க்கால அனுபவங்களைப் பொருளாகக் கொண்ட மூன்று படங்களை முதன்மையாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்வரலாறு

திகிற்படத்தை வரலாற்றோடு இணைத்து நோக்கும் மரபு புதியதன்று. முதலாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜேர்மனியில் 1920இல் 'டாக்டர் கலிகரியின் அறை' என்ற படமும், 1922இல் 'நொஸ்பெராத்து' என்ற படமும் வெளிவந்தன. ஹிட்லருக்குப் பணிந்த ஒரு சமூகத்தின் உளநிலையை இத்தகைய படங்களிலேயே முன்கூட்டிக் காணலாம் என, 1947இல் வெளியிட்ட நூலொன்றில் சீக்பிரீட் கிரகவ்வர் வாதிட்டார். அவருடைய முடிபுகள் பின்னர்க் கடுமையான விமரிசனத்துக்கு உள்ளாயினும், அவர் எழுப்பிய வினா நிலைத்துவிட்டது.

யப்பானிய அனுபவம் இன்னும் தெளிவானது. 1954 மார்ச் 1ஆந் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது வீழ்ந்தது. மீனவர் ஒருவர் அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். நவம்பரில் இஷிரோ ஹொண்டாவின் 'கொட்சிலா' திரையிடப்பட்டது. அணுகுண்டுச் சோதனையாற் கிளர்ந்தெழுந்த அவ்விராட்சத விலங்கு எதைக் குறிக்கின்றது என்பதை எவரும் யப்பானியருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

எனினும் இப்படங்களில் ஆபத்து வெளியிலிருந்தே வருகின்றது. 1931இல் ஹொலிவூட் தயாரித்த 'டிராகுலா' இதற்கு நல்ல உதாரணம். அந்நியன் ஒருவன் வந்து ஒழுங்கைக் குலைக்கின்றான், அறிவும் துணிவும் மிக்கோர் அவனை அழிக்கின்றனர், ஒழுங்கு மீள்கின்றது. 1968இல் வெளிவந்த ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைற் ஒஃப் த லிவிங் டெட்' இவ்வமைப்பை உடைத்தது. நடைப்பிணங்களுக்கு எதிராக இரவு முழுவதும் போராடி உயிர்தப்பிய கறுப்பின இளைஞன், விடிந்ததும் மீட்க வந்த ஆயுதக்குழுவினராற் சுட்டுக் கொல்லப்படுகின்றான். மீள்கின்ற ஒழுங்கே இங்கு அச்சத்துக்குரியதாகின்றது. அவ்வாண்டு ஏப்பிரிலிலேயே மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டிருந்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இம்மரபின் நேரடி வாரிசாக 2017இல் வெளிவந்தது ஜோர்டன் பீலின் 'கெற் அவுட்'. வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோரைக் காணச் செல்லும் கறுப்பின இளைஞனை வரவேற்போர், நாகரிகமும் தாராண்மைவாத நோக்கும் உடையோராகத் தம்மைக் காட்டிக்கொள்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது அவனுடைய உடல். அடிமை முறையின் சாரத்தை இக்காலக் கனவான்களின் வரவேற்பறையிலே கண்டுகாட்டிய இப்படத்தின் திரைக்கதைக்கு 2018இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. இறுதிக் காட்சியிற் பொலிஸ் வண்டியைப் போன்றதொரு வாகனத்தின் வெளிச்சம் தெரிகையில், உதவி வந்துவிட்டதென்று பார்வையாளர் மகிழ்வதில்லை. கதாநாயகனுக்கு என்ன நேருமோ என அஞ்சுகின்றனர். 1968இன் முடிவு ஐம்பது ஆண்டுகளாக மறக்கப்படவில்லை என்பதற்கு இவ்வச்சமே சான்று.

தெஹ்ரானின் தொடர்மாடி

ஈரான் - ஈராக் போர் 1980 செப்டெம்பரில் தொடங்கி 1988 ஓகஸ்ட் வரை நீடித்தது. 1988இன் தொடக்கத்தில் ஈராக்கிய ஏவுகணைகள் தெஹ்ரான் நகரைத் தாக்கின. மக்கள் பெருந்தொகையாக நகரை விட்டு வெளியேறினர். போர்க்காலத்தில் அந்நகரிற் பிறந்து, பின்னர் பிரித்தானியாவிற் குடியேறிய பாபக் அன்வரி 2016இல் நெறிப்படுத்திய 'அண்டர் த ஷடோ' என்ற பாரசீக மொழிப் படம் இக்காலத்தைப் பொருளாகக் கொண்டது. படம் ஈரானில் எடுக்கப்படவில்லை, ஜோர்தானிலேயே படமாக்கப்பட்டது.

கதைத்தலைவி ஷீதே மருத்துவ மாணவியாக இருந்தவள். புரட்சிக் காலத்தில் இடதுசாரி அரசியலில் ஈடுபட்டமைக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவு அவளுக்கு மூடப்படுகின்றது. படத்தின் முதற்காட்சியே இம்மறுப்புத்தான். அவள் வீடு திரும்பித் தன் பாடநூல்களை ஒதுக்குகின்றாள். இறந்த தாய் அன்பளிப்பாகத் தந்த மருத்துவ நூலை மட்டும் ஒதுக்க மனம் வரவில்லை. மருத்துவனான கணவன் போர்முனைக்கு அனுப்பப்பட, அவளும் சிறுமகள் டோர்ஸாவும் தொடர்மாடி வீட்டில் தனித்து விடப்படுகின்றனர். மேல்வீட்டின் கூரையைத் துளைத்து ஏவுகணையொன்று வெடிக்காமல் நிற்கின்றது. அயலவர் ஒவ்வொருவராக வெளியேறுகின்றனர். குழந்தையின் பொம்மை காணாமற் போகின்றது. காற்றோடு வரும் ஜின் அவ்வீட்டில் நுழைந்துவிட்டதென அயலவள் ஒருத்தி எச்சரிக்கின்றாள்.

இப்படத்தின் ஆழம் ஓர் இரவுக் காட்சியில் வெளிப்படுகின்றது. ஜின்னுக்கு அஞ்சிய ஷீதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுந்தலையோடு தெருவுக்கு ஓடுகின்றாள். அங்கே அவளை மறிக்கும் காவலர், தலையை மூடாத குற்றத்துக்காகக் கைதுசெய்கின்றனர். வீட்டினுள்ளே அவளைத் துரத்தும் ஜின்னோ, உடலற்ற பெரியதொரு முக்காட்டு ஆடையாகவே காட்சியளிக்கின்றது. வெளியே சட்டம் எதை அவள்மீது சுமத்துகின்றதோ, அதுவே உள்ளே அவளை விழுங்க வருகின்றது. போர், பறிக்கப்பட்ட கல்வி, பெண்ணின் உடல் மீதான அரசின் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒரே துணியாக நெய்யப்பட்டுள்ளன. முடிவில் தாயும் மகளும் தப்பிச் செல்கின்றனர்; ஆனால் பொம்மையின் தலையும் மருத்துவ நூலும் அவ்வீட்டிலேயே எஞ்சிவிடுகின்றன. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட எதிர்காலம் அங்கே பணயமாகக் கிடக்கின்றது எனலாம்.

அழுகின்ற பெண்

குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர் என ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் இயங்கிய உண்மை ஆணைக்குழு 1999இல் அறிக்கையிட்டது. இனங்காணப்பட்டோருள் 83 சதவீதத்தினர் மாயா மக்கள். பதிவான மீறல்களுள் 93 சதவீதம் அரச படைகளையும் அவற்றைச் சார்ந்த குழுக்களையும் சாரும். 1982 மார்ச் முதல் 1983 ஓகஸ்ட் வரை ஆட்சி செய்த ஜெனரல் எப்ரைன் ரியோஸ் மொன்ட், இஷில் மாயா மக்கள் 1,771 பேரின் கொலைகள் தொடர்பில் இனப்படுகொலைக் குற்றவாளி என 2013 மே 10ஆந் திகதி தீர்ப்பளிக்கப்பட்டு, 80 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பத்து நாள்களில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. இறுதித் தீர்ப்பு எதுவுமின்றியே அவர் 2018 ஏப்பிரிலில் இறந்தார்.

யைரோ புஸ்தமாந்தே 2019இல் உருவாக்கிய 'லா யொரோனா' இந்த இரத்தான தீர்ப்பிலிருந்தே பிறந்தது. மொன்டேவெர்தே என்ற கற்பனை ஜெனரல், தண்டிக்கப்பட்டு மறுபடியும் விடுவிக்கப்படுகின்றார். காணாமற் போனோரின் படங்களை ஏந்திய மக்கள் அவருடைய மாளிகையைச் சூழ்ந்து இரவும் பகலும் குரலெழுப்புகின்றனர். சுதேச வேலையாட்கள் ஏறத்தாழ அனைவரும் விலகிச் செல்ல, அல்மா என்ற இளம்பெண் புதிய பணிப்பெண்ணாக வந்து சேர்கின்றாள். அவள் வந்தபின் இரவுகளில் அழுகுரல் கேட்கின்றது. நீர் எங்கும் பரவுகின்றது.

'லா யொரோனா' என்றால் அழுகின்ற பெண். காதலன் கைவிட்டமையால் தன் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, அழுதலையும் பேயாக அவளை மத்திய அமெரிக்க நாட்டார் கதைகள் சித்திரிக்கின்றன. பிள்ளைகளைக் கிணற்றில் வீசிய நல்லதங்காளின் பின்னால் வறுமையும் உறவின் கொடுமையும் நிற்பதால் தமிழ் மரபு அவளுக்கு இரங்குகின்றது. யொரோனாவோ பெரிதும் பழிக்கும் அச்சத்துக்குமே உரியவளாகின்றாள். புஸ்தமாந்தே செய்த மாற்றம் இங்கேதான் உள்ளது. அவருடைய கதையிற் பிள்ளைகளை மூழ்கடித்தவர்கள் படையினர். நூற்றாண்டுகளாகத் தாயின்மீது சுமத்தப்பட்ட குற்றம் உரியவர்களிடம் திருப்பி அனுப்பப்படுகின்றது.

இவ்வுண்மை வெளிப்படும் முறையும் கவனிக்கத்தக்கது. நீதிமன்றத்திற் சாட்சியளித்த இஷில் பெண்களை இழிவாகப் பேசி, கணவரின் குற்றத்தை மறுத்து வந்தவள் ஜெனரலின் மனைவி கார்மென். அவளே இரவுதோறும் கனவிலே சோளத்தோட்டத்தினூடாகப் பிள்ளைகளோடு ஓடும் தாயாக மாறுகின்றாள். கேட்க மறுத்த சாட்சியத்தை அவள் அனுபவிக்க நேர்கின்றது. பேய் கொலையாளியை மட்டும் அச்சுறுத்தவில்லை. அவனுடைய உணவை உண்டு, அவனுடைய கூரையின் கீழ் வாழ்ந்து, ஒன்றும் அறியாதவர் போலிருந்த குடும்பத்தையும் விசாரணைக்கு அழைக்கின்றது.

அகதியின் வீடு

ரெமி வீக்ஸின் 'ஹிஸ் ஹவுஸ்' 2020இல் வெளிவந்தது. 2011இற் சுதந்திரமடைந்த தென் சூடானில் 2013 டிசெம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டின் வன்முறையிலிருந்து தப்பிக் கடலைக் கடந்து இங்கிலாந்தை அடையும் போல், ரியால் என்ற தம்பதியருக்குப் பழுதடைந்த அரசாங்க வீடொன்று வழங்கப்படுகின்றது. அவர்கள் வேலை செய்யக்கூடாது. வேறிடம் செல்லவும் கூடாது. பேய் வீட்டுக் கதைகளைப் பார்க்கும்போது, இவர்கள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்ற ஐயம் இயல்பாக எழுவதுண்டு. இப்படத்தில் அதற்கான விடை புகலிடச் சட்டத்திலேயே இருக்கின்றது.

கணவன் கத்தியும் முள்ளுங்கொண்டு உண்ணப் பழகுகின்றான். பழைய உடைமைகளை எரிக்கின்றான். மனைவி நிலத்திலிருந்து கையால் உண்கின்றாள். இரு இனக்குழுக்களின் அடையாளங்களையும் தன் உடலிற் கீறி உயிர்பிழைத்தவள் அவள். வழி கேட்டபோது, அவளை ஆபிரிக்காவுக்கே திரும்பிப் போகுமாறு ஏளனஞ் செய்பவர்கள் கறுப்பின இளைஞர்களே. இதற்கிடையிற் சுவர்களுக்குள்ளிருந்து, கடலிலே மூழ்கிய சிறுமி நியாகக் தோன்றத் தொடங்குகின்றாள்.

அவள் தம்பதியரின் மகள் என்றே பார்வையாளர் நம்புகின்றனர். கதையின் பிற்பகுதியில் உண்மை வெளிவருகின்றது. பிள்ளைகளோடு வருவோருக்கே இடமளித்த பஸ் வண்டியில் ஏறுவதற்காக, போல் அச்சிறுமியைத் தாயிடமிருந்து பறித்து வந்தவன். கதறி ஓடிவந்த தாய் பின்னே விடப்பட்டாள். பாதிக்கப்பட்டவன் என்ற நிலையும் குற்றம் இழைத்தவன் என்ற நிலையும் ஒரே மனிதனிற் சந்திக்கும் இவ்விடம் மிகுந்த நேர்மையுடன் கையாளப்பட்டுள்ளது. அவனை மன்னிக்குமாறு படம் கேட்கவில்லை. அவனை அந்நிலைக்குத் தள்ளிய போரையும் மறக்க விடவில்லை.

சாட்சியமும் அதன் எல்லையும்

மூன்று படங்களையும் ஒருங்கே நோக்கின், போருக்குப் பிந்திய சமூகத்தின் மூன்று தரப்பினர் அவற்றில் இடம்பெறுவதைக் காணலாம். ஷீதே அதிகாரத்தால் ஒடுக்கப்பட்டவள். கார்மென் அதிகாரத்தின் நிழலில் வாழ்ந்தவள். போல் பிறரை இழந்தும் இழக்கச் செய்தும் உயிர் மீண்டவன். நினைவு இம்மூவருக்கும் ஒரே பொருளுடையதன்று. இவ்வேறுபாட்டை உணர்த்துவதில் இப்படங்கள் பல வரலாற்று நூல்களை விடவும் நுண்மையாகச் செயற்படுகின்றன.

ஆயினும் இவற்றை வரலாற்று மூலங்களாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். 'லா யொரோனா' 1982ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு ஆதாரமாகாது. அதற்கு ஆணைக்குழுவின் அறிக்கையும், வழக்கேடுகளும், உயிர்தப்பியோரின் வாய்மொழியுமே ஆதாரம். 2019இல் அந்நிகழ்ச்சிகள் எவ்வாறு நினைவுகூரப்பட்டன, எது தீராதிருந்தது என்பதற்கே படம் ஆதாரமாகும். மேலும், நீதிமன்றம் வழங்காத தண்டனையைப் பேய் வழங்கும்போது பார்வையாளர் ஒருவகை நிறைவுடன் வீடு திரும்பவும் கூடும். அந்நிறைவு உண்மையான நீதிக்கு ஈடாகாது. புஸ்தமாந்தே இவ்வபாயத்தை உணர்ந்தவராகவே காணப்படுகின்றார். ஜெனரலின் இறுதிச்சடங்கிற்கு வந்த இன்னோர் இராணுவ அதிகாரியும் அழுகுரலைக் கேட்பதோடு படம் முடிகின்றது. வழக்கு இன்னும் முடியவில்லை.

'ஹிஸ் ஹவுஸ்' படத்தின் நிறைவுக் காட்சி இதனினும் அமைதியானது. பழிகேட்டு வந்த ஆவியை ரியால் கொன்றுவிடுகின்றாள். ஆயினும் இறந்தவர்கள் அவ்வீட்டை விட்டுச் செல்லவில்லை. திருத்தப்பட்ட சுவர்களுக்கிடையே போலும் ரியாலும் நிற்க, சிறுமி நியாகக்கும் மாண்டோர் பலரும் அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றனர். யாரும் யாரையும் துரத்தவில்லை. இறந்தோருக்கும் இடமளித்த பின்னரே அது அவர்களுடைய வீடாகின்றது.