எலிவால் அரம்

மில்லிங் கற்றுக்கொள்ளப் போன முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துகள் உலோகத்தைக்கூட நான் வெட்டவில்லை. கோவை கணபதியில் நண்பனின் பட்டறை. மூலையில் மேஜைமேல் வைக்கும் சின்ன மில் ஒன்று, பக்கத்தில் நிற்கும் பெரிய மெஷின் போட்ட குட்டி மாதிரி இருக்கும். நாற்பது வீடியோ பார்த்துவிட்டுத் தெனாவெட்டாகத்தான் போனேன். அங்கே முப்பது வருஷமாக வேலை பார்க்கும் அண்ணா கட்டரைத் தொடவே விடவில்லை.

ஸ்பிண்டிலில் ஒரு டயலை மாட்டினார். அதன் முனை கீழே டேபிளைத் தொடும்படி இறக்கி, கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். இடது பக்கம் முள் பூஜ்யத்தில் நின்றது. வலது பக்கம் போனால் 0.14 மில்லிமீட்டர். மெஷினின் தலை அவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படியே வெட்டினால் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரு மெல்லிய படி விழும். நட்டைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி சுற்றிப் பார்த்தேன். தட்டும்போது சரியாகிவிடும், நட்டை இறுக்கினால் ஓடிவிடும். முதல் ஞாயிறு அதிலேயே போனது. இரண்டாவது ஞாயிறு வைஸுக்கு. அதன் அசையாத தாடையில் டயலை வைத்து, டேபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாலும் முள் அசையாத வரைக்கும் திருகல், தட்டல், திருகல்.

மூன்றாம் வாரம் ஓர் அலுமினியக் கட்டையின் ஆறு பக்கத்தையும் வெட்டி முடித்தேன். அண்ணா ஓரத்தை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு ஓர் அரத்தைக் கையில் கொடுத்தார்.

"மெஷின் பாதிதாங்க தம்பி. மீதி இதுலதான்."

பிசிறு எடுப்பதைத்தான் சொன்னார். ஆனால் மில்லிங் மெஷினின் ஆரம்ப வரலாறே அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

இன்ஜினியரிங்கில் இது இரண்டு மார்க் கேள்வி. முதல் மில்லிங் மெஷினைச் செய்தவர் யார்? ஈலை விட்னி, 1818. (நாங்கள் 'எலி விட்னி' என்றுதான் மனப்பாடம் செய்தோம்.) பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின் மெஷினால் பெயர் வாங்கிய அதே விட்னி. 1798-ல், இரண்டு வருடத்தில் 10,000 துப்பாக்கி செய்து தருவதாக அமெரிக்க அரசிடம் ஒப்பந்தம் போட்டார். கடைசித் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது 1809-ல். நடுவில் 1801-ல் தலைநகருக்குப் போய், கலந்து போட்ட விசை பாகங்களில் எதை எடுத்தாலும் எதிலும் பொருந்தும் என்று ஆடம்ஸ், ஜெஃபர்சன் முன்னால் காட்டினார். நம் டெமோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வரும். அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேரவில்லை. எது எதனுடைய ஜோடி என்று தெரிவதற்காகப் பாகங்களில் எண் வேறு குத்தியிருந்தது.

மில்லிங் மெஷின் அவர் கணக்கில் சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். நியூ ஹேவனில் கிடைத்த ஒரு பழைய இயந்திரத்தை வைத்து, ஜோசப் ரோ என்ற பேராசிரியர் 1912-ல் தொடங்கி, விட்னிதான் முதல்வர் என்று எழுதினார். பாடப்புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1960-ல் ராபர்ட் உட்பரி அந்தக் கதையைக் கேள்விக்குள்ளாக்கினார். 1966-ல் எட்வர்ட் அல்ல, எட்வின் பேட்டிசன் (இந்தப் பெயரை நான் இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தேன்) இன்னும் கறாராகச் சொன்னார்: விட்னி உண்மையான மில்லிங் மெஷின் எதையும் உருவாக்கியதற்கோ பயன்படுத்தியதற்கோ ஆதாரமே இல்லை. அந்த இயந்திரமும் 1825-ல் விட்னி இறந்த பிறகு செய்யப்பட்டதாகத்தான் தெரிகிறது.

அப்படியானால் யார்? கிட்-டில் 'பிளேம்' போட்டுப் பார்த்தால் அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவன் பெயர்தான் வரும், யோசித்தவன் பெயர் வராது. இங்கே அதுகூட வரவில்லை. மிடில்டவுனில் சிமியன் நார்த், ராபர்ட் ஜான்சன், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜான் ஹால், ஸ்பிரிங்ஃபீல்டில் ராஸ்வெல் லீ என்று ஆயுதப் பட்டறைகளைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்கள் எல்லாருக்கும் இருந்த தலைவலி ஒன்றுதான்: அரம்.

துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்த ஆள் அரத்தால் ராவி, பக்கத்துப் பாகத்தோடு வைத்துப் பார்த்து, மறுபடி ராவிப் பொருத்துவார். போர்க்களத்தில் ஒன்று உடைந்தால் இன்னொரு துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட முடியாது. 1813-ல் நார்த் கையெழுத்திட்ட 20,000 கைத்துப்பாக்கிக்கான ஒப்பந்தத்திலேயே, எதன் பாகமும் எதிலும் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. லேத்தில் ஜாப் சுற்றும், கருவி நிற்கும். மில்லிங்கில் பல பற்கள் உள்ள கட்டர் சுற்றும், ஜாப் அதன் முன்னால் நகரும். ஒருவகையில் அது சுற்றுகிற அரம். ஆனால் அந்தக் கால மில்கள் துல்லியத்துக்கு வந்தவை அல்ல. முரட்டு வேலையை அவை முடித்துக் கொடுக்கும். அளவுகோலில் பொருந்தும்வரை ராவியது அரம் பிடித்த கைதான். இன்று நாம் 'மெஷின் துல்லியம்' என்கிறோமே, அதை முதலில் மெஷினுக்குக் கொடுத்ததே அந்தக் கைகள்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் பெயர் எந்த இரண்டு மார்க்கிலும் கிடையாது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 1861. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. பிராவிடன்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிரெடரிக் ஹோவ் துப்பாக்கி செய்கிறார். மருந்துக்கு நெருப்பு போகும் சின்னக் குழலில் துளை போட ட்விஸ்ட் டிரில் வேண்டும். டிரில்லின் உடம்பைச் சுற்றி ஓடும் அந்தச் சுருள் பள்ளத்தை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? உருண்டையான எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எலிவால் அரத்தால், கையாலேயே. ஒவ்வொரு டிரில்லுக்கும் இப்படித்தான். ஹோவ் அதே ஊர் ஜோசப் பிரவுனிடம் போய், இதற்கு ஏதாவது வழி செய்ய முடியுமா என்று கேட்டார்.

பிரவுன் டிரில்லுக்கு மட்டும் ஒரு மெஷின் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ டேபிளைக் கோணமாகத் திருப்பும்படி வைத்தார். டேபிளை நகர்த்தும் திருகையும் ஜாப்பைச் சுற்றும் தலையையும் பல்சக்கரங்களால் இணைத்தார். ஜாப் முன்னே போகப் போகத் தானே சுழலும், கட்டர் நின்ற இடத்தில் நின்று சுருளை வெட்டும். சக்கரங்களை மாற்றினால் சுருளின் சாய்வு மாறும். அதே மெஷினில் கியர் பல்லும் வெட்டலாம். முதல் யுனிவர்சல் மில்லிங் மெஷின் 1862 மார்ச் 14 அன்று ஹோவின் தொழிற்சாலைக்குப் போனது. அடுத்த வருடம் ஸ்டீபன் மோர்ஸ் ட்விஸ்ட் டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார்.

சின்ன மில் வாங்குகிறவர்கள் முதலில் குழம்பும் இடத்தில் இந்த மோர்ஸ் மறுபடி வருகிறார். ஸ்பிண்டிலின் கூம்பு வாய் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று மோர்ஸ் டேப்பர், அவர் பெயரில் உள்ளது. மற்றது ஆர்8, 1938-ல் வந்த பிரிட்ஜ்போர்ட் மில்லுக்கென உருவானது. அந்த மில்லின் முதல் மெஷின் இன்று வெர்மான்ட்டின் விண்ட்சரில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தக் கட்டடம் 1846-ல் கட்டிய ஆயுதத் தொழிற்சாலை. ஹோவ் பிராவிடன்ஸுக்கு வருவதற்கு முன் மில்லிங் மெஷின்களை வடிவமைத்துக்கொண்டிருந்ததும் அங்கேதான்.

நம்முடைய மில்லில் இருப்பது மோர்ஸ் மூன்றாம் எண். நான்காம் வாரம் அதில் எஃகு வெட்டினேன். கட்டர் சுற்றும் திசையோடு ஜாப்பை ஓட்டினேன், ஃபினிஷ் நன்றாக வரும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில். டேபிளின் திருகுக்கும் நட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது எனக்குத் தெரியாது. கட்டர் ஜாப்பைத் தன்பக்கம் வெடுக்கென்று இழுத்தது. 'டக்'. ஒரு பல் போச்சு.

"எதுத்து வெட்டுங்க தம்பி, எப்பவும் எதுத்து," என்றார் அண்ணா. "திருகுல ஆட்டம் இருக்குல்ல, கூடவே ஓடுனா அது உங்களைக் கூட்டிட்டுப் போயிரும்."

புது கட்டர் வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். இடையில் யாரோ தலையைச் சாய்த்து ஒரு கோணத் துளை போட்டிருந்தார்கள். டயலை மாட்டிச் சுற்றினேன். வலது பக்கம் 0.31.