போர் முடிந்த மண்ணில் எழுந்த இரைச்சல்: நைஜீரியாவின் ஃபங்கீஸ் இசைக்குழு

1970 ஜனவரி 15ஆம் திகதி பயாஃப்ரா சரணடைந்தது. நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக வாழ முயன்ற இக்போ மக்களின் போர் இரண்டரை ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. முற்றுகையும் பட்டினியும் காவுகொண்ட உயிர்கள் ஐந்து இலட்சம் முதல் முப்பது இலட்சம் வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று நைஜீரிய ஆட்சித் தலைவர் யாகுபு கோவன் அறிவித்தார். ஆனால், வங்கியில் எவ்வளவு வைப்பு இருந்தாலும் பயாஃப்ரா மக்களின் கைக்குக் கிடைத்தது 20 பவுண் மட்டுமே.

அந்த மண்ணின் இளைஞர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் காதைப் பிளக்கும் றொக் இசையை வாசித்தார்கள். அவர்களுள் முக்கியமானவர்கள் ஆபா நகரில் உருவான 'ஃபங்கீஸ்' குழுவினர். போருக்குப் பின்னர் இராணுவம் தன் படையினரை மகிழ்விக்க இசைக்குழுக்களை வைத்திருந்தது. ஃபங்கீஸும் அப்படி ஓர் இராணுவ இசைக்குழுவாகத்தான் தொடங்கியது. தோற்ற பக்கத்து இளைஞர்கள் நிறைந்த ஊரில், வென்ற படையின் நிழலில் பிறந்த இசை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் நான் இதைக் கேட்கிறேன்.

'அகூலா ஓவூ ஒன்யேரா' அவர்களின் புகழ்பெற்ற பாடல். ஹரி மொஸ்கோ, ஜேக் சோலோ ஆகியோரின் கிற்றார்களும், ஓர்கனும், சொனி அக்பனின் கொங்கா மேளமும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒருவர் பாட மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுப்பது பழைய ஊர்ப்பாட்டின் முறை.

அக்காலத்துக் கிழக்கு நைஜீரியக் குழுக்கள் பலவற்றின் கரகரப்புக்குக் காரணம் 'ஃபஸ்' என்ற சிறு மின்கருவி. கிற்றாரின் ஒலியை அது அளவுமீறிப் பெருக்கி, ஒலி அலையின் உச்சிகளை வெட்டிவிடும். நாணின் இனிமை போய், கலைந்த குளவிக்கூட்டின் இரைச்சல் வரும். ஹைகிரேட்ஸ் குழுவின் 'இன் த ஜங்கிள்' பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

1973இல் ஃபங்கீஸ் லண்டனுக்குப் போனது. பிபிசி வானொலியில் ஜோன் பீல் அவர்களை ஒலிக்கவிட்டார். இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்ட பின், 1977இல் குழு கலைந்தது.

இந்தப் பாடல்களில் பிணக்கணக்கு இல்லை, பெரும்பாலானவை ஆடுவதற்கானவை. பசியில் கிடந்த உடல்கள் மறுபடி ஆடத் தொடங்கியதை நான் மறதி என்று சொல்லமாட்டேன். உயிரோடிருக்கிறோம் என்று உரக்கச் சொல்வதற்கு அவர்களிடம் அப்போது இருந்த வழி அது.

பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த இசைத்தட்டுகளை ஆய்வாளர் உச்சென்னா இக்கோன் தேடித் திரட்டினார். இசைக்கலைஞர்களின் வாய்மொழியையும் சேர்த்து 2016இல் 'வேக் அப் யூ' என்ற இரண்டு தொகுதிகளாக அவற்றை வெளிக்கொணர்ந்தார். வாசித்தவர்களில் சிலராவது உயிரோடு இருந்தபடியால்தான் அது முடிந்தது. நம் ஊர்களிலும் பாடியவர்கள், வாசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிந்து வைக்க இதுவே நேரம்.