புல்புல்: ஒரு குருவி, இரண்டு இரவல் பெயர்கள்

நம்ம ஊர் வேலியில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக வந்து உட்காருமே, அதுதான் கொண்டைக்குருவி. சின்னான் என்றும் சொல்வார்கள். ஆங்கிலப் பறவை நூல்களில் அதற்குப் பெயர் புல்புல்.

புல்புல் என்பது பாரசீகம், அரபி, துருக்கி மொழிகளில் புழங்கும் சொல். பாடும் ஒலியிலிருந்து பிறந்தது என்பார்கள். ஆனால் பாரசீகக் கவிதையில் ரோஜாவிடம் மனதைப் பறிகொடுத்துப் பாடுகிற புல்புல் நம்ம கொண்டைக்குருவி இல்லை, அது நைட்டிங்கேல். இரண்டும் வேறு வேறு குடும்பம். பாரசீகமும் அதன் கவிதையும் இந்தியாவுக்கு வந்தபோது சொல்லும் கூடவே வந்தது, பறவை வரவில்லை. இங்கிருந்த கொண்டைக்காரர்மேல் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆங்கிலேயர் அதை எடுத்து, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பொதுப்பெயர் ஆக்கிவிட்டார்கள்.

பெயர் அதோடும் நிற்கவில்லை. மீட்டினால் பாடும் புல்புல்தாரா, சாரணர் இயக்கத்தின் சிறுமியர் பிரிவு, 2019 நவம்பரில் வங்கக் கரையைத் தாக்கிய புயல் எல்லாமே புல்புல்தான்.

இதைவிட வேடிக்கை, அறிவியல் பெயர்: பிக்னோனோட்டஸ் கேஃபர். 1760இல் பிரெஞ்சுக்காரர் பிரிசோன், தன்னிடம் இருந்த பறவை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று நம்பி எழுதிவைத்தார். அதைப் பின்பற்றி 1766இல் லின்னேயஸ் 'கேஃபர்', அதாவது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது, என்று பெயர் வைத்தார். இந்த இனமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே இல்லை! 1952இல்தான் ஸ்ட்ரெசெமான் என்ற ஜெர்மன் பறவையியலாளர், மூல இடம் புதுச்சேரி என்று திருத்தினார்.

இடம் திருந்தியது, பெயர் திருந்தவில்லை. 'கேஃபர்' என்பதன் வேர், இறைமறுப்பாளரைக் குறிக்கும் 'காஃபிர்' என்ற அரபிச் சொல். தென்னாப்பிரிக்காவில் அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாக மாறியது. தாவரப் பெயர்களில் வரும் 'காஃப்ரா'வை 'ஆஃப்ரா' என்று மாற்ற 2024இல் மாட்ரிட் மாநாட்டில் தாவரவியலாளர்கள் முடிவெடுத்தார்கள். விலங்கியல் விதியோ, பொருள் பொருந்தவில்லை என்பதற்காக வைத்த பெயரைக் கைவிட இடம் தருவதில்லை.

பெயர் நிலையாக இருந்தால்தான் ஆய்வாளர்களுக்குள் குழப்பம் வராது என்பது நியாயம்தான். ஆனாலும் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் வீசப்பட்ட வசையை, அந்த மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புதுச்சேரிக் குருவி இன்னும் எத்தனை காலம் சுமக்க வேண்டும்? கொண்டைக்குருவி என்ற நம்ம பெயரில் அந்த வம்பே இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.