கேமரன் மலை நீர்மின்சாரம்: மண் கரைந்தால் மின்சாரமும் குறையும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோர், ரிங்லெட் பட்டணத்தைக் கடந்ததும் சாலையோரத்தில் ஓர் ஏரியைக் காணலாம். இது இயற்கை ஏரி அல்ல. பெர்தாம் ஆற்றின் குறுக்கே சுமார் 40 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டு 1963-ஆம் ஆண்டில் நிறைவடைந்த சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். நாட்டின் பழைய நீர்மின் திட்டங்களில் இதுவும் ஒன்று. 1958-இல் மலாயாவுக்கு உலக வங்கி வழங்கிய முதல் கடன் இத்திட்டத்துக்கே கிடைத்தது.

எப்படி இயங்குகிறது?

தெலோம் ஆற்று நீர் சுரங்கக் குழாய் வழியாகப் பெர்தாம் ஆற்றுப் பகுதிக்குத் திருப்பப்படுகிறது. வழியில் ஹபு மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. பின்னர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோரில் நிலத்தடியில் அமைந்துள்ள 100 மெகாவாட் நிலையத்தை இயக்குகிறது. அதே நீர் இன்னும் கீழே வோ நிலையத்தில் மீண்டும் மின்சாரம் தருகிறது. 2016-இல் பெர்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சூசு அணையுடன் 372 மெகாவாட் உலு ஜெலாய் திட்டமும் சேர்ந்தது.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உற்பத்தியாகிறது. தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நீர்மின் நிலையங்களை விரைவாக இயக்க முடியும். இங்கே குறையும் ஒவ்வொரு யூனிட்டையும் வேறு எங்கோ எரிபொருளை எரித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஏரிக்கு வந்த சோதனை

மழை பெய்தால் ஏரி பழுப்பாகிறது. காடு அழிப்பு, செங்குத்தான சரிவுகளில் காய்கறிப் பயிர், கட்டுமானத்துக்கு மண் வெட்டுதல் ஆகியவற்றால் கரையும் மண் ஆற்றோடு வந்து நீர்த்தேக்கத்தில் படிகிறது. தெனாகா நேஷனல் செலவு செய்து தூர்வாரினாலும் புதிய மண் வந்துகொண்டே இருக்கிறது.

மண் சேரச் சேர, மழைநீரைத் தாங்கும் இடம் சுருங்குகிறது. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலை, கனமழையால் நீர்மட்டம் உயர்ந்து அணை திறக்கப்பட்டபோது, கீழேயுள்ள பெர்தாம் வேலியை வெள்ளம் தாக்கியது. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆகவே மண் அரிப்பு, மின்சாரத்தோடு மனித உயிரையும் சார்ந்த பிரச்சினை.

தேயிலையின் பங்கு

1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய 'போ' தோட்டம் முதல் இம்மலையின் தேயிலைச் சரிவுகளை உருவாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரிது. நெருங்கி வளர்ந்த தேயிலைச் செடிகள் மழைத்துளி நேராக மண்ணில் விழாமல் தடுக்கின்றன. வேர்கள் சரிவைப் பிடித்துக்கொள்கின்றன. கவாத்து செய்த கிளைகளை அங்கேயே பரப்பிவிட்டால் மண்ணுக்குப் போர்வையாகும். அடிக்கடி கிளறப்படும் காய்கறி நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மறுநடவு செய்யும் தோட்டத்திலும் செடி மூடும் வரை மண் திறந்தே கிடக்கும். அப்போது கூடுதல் கவனம் தேவை.

அரசின் கொள்கை, நம் பங்கு

2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றப் பாதை வரைவு இதற்கான வழியைச் சொல்கிறது. இதற்கு நாமும் பணம் கொடுக்கிறோம்: மாதம் 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளின் மின் கட்டணத்தில் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குச் செல்கிறது.

புதிய நிலையங்கள் கட்டுவதோடு, இருக்கும் ஏரியைக் காப்பதும் தூய்மை எரிசக்திப் பணியே. சரிவில் படிக்கட்டு முறையில் பயிரிடுவது, வரப்போரம் புல் வளர்ப்பது, ஆற்றங்கரை மரங்களை விட்டுவைப்பது, கால்வாயில் குப்பை கொட்டாமலிருப்பது ஆகியவை உள்ளூரிலேயே செய்யக்கூடியவை. அனுமதியின்றி மலையை வெட்டுவதைக் கண்டால் மாவட்ட நில அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். அணைக்குக் கீழே வசிப்போர், அபாயச் சங்கு கேட்டால் எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.