கப்பலில் நல்ல இடம் எது? – பின்மாடத்திலிருந்து பல்கனி வரை

உல்லாசக் கப்பலொன்றில் பயணம் செய்ய விரும்புவோர் இன்று முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்த நாட்டுக்குச் செல்வது என்பதன்று; எந்தக் கபினைப் பெறுவது என்பதேயாகும். கப்பலின் தளவரைபடம் முன்னால் விரிக்கப்படுகின்றது. பல்கனியுள்ள கபினா, யன்னல் மட்டுமுள்ள கபினா, எதுவுமற்ற உட்கபினா? முன்பகுதியா, நடுப்பகுதியா, பின்பகுதியா? மேல் தளமா, கீழ்த் தளமா? இடப்புறமா, வலப்புறமா? ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே உணவு. ஆயினும் கபினின் இடத்தைப் பொறுத்துக் கட்டணம் பன்மடங்கு வேறுபடுகின்றது.

இந்த வினா வசதி படைத்தோரின் பொழுதுபோக்குப் போலத் தோன்றலாம். ஆனால் இதற்குப் பின்னால் சில நூற்றாண்டுகளின் வரலாறு இருக்கின்றது. காற்றும் வெளிச்சமும் யாருக்கு என்பதும், விபத்து நேரும்போது உயிர்ப்படகுக்கு அருகில் நிற்பவர் யார் என்பதும் அந்த வரலாற்றில் அடங்கும்.

பாய்க்கப்பல்களின் காலத்தில் கப்பலின் மிகச் சிறந்த இடம் பின்னணியமே. கப்பித்தானின் பெரிய அறை அங்குதான் அமைந்திருந்தது. அதற்கு வெளியே, கடலை நோக்கிய வரிசை யன்னல்களுடன், செதுக்கு வேலைப்பாடு கொண்ட மாடமொன்றும் பல கப்பல்களில் இருந்தது. இன்றைய பல்கனியின் மூதாதை அதுவே. காற்றைப் பின்னால் வாங்கி ஓடும் பாய்க்கப்பலில் புதிய காற்று முதலில் பின்னணியத்தைத்தான் அடைகின்றது. சமையற்கட்டினதும் கால்நடைக் கூண்டுகளினதும் நாற்றம் முன்னோக்கிப் போய்விடும். மாலுமிகளின் உறைவிடமோ அணியத்தில். ஆகவே அதிகாரமும் நல்ல காற்றும் பின்பகுதியில் ஒன்று சேர்ந்தன.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்த கனவான்கள் வாங்கியது அறையை அன்று, இடத்தை. பெரிய அறையைக் கித்தான் துணியாலோ பலகையாலோ தடுத்துத் துண்டு துண்டாக விற்பார்கள். கட்டில், கதிரை, மேசை, விளக்கு எல்லாவற்றையும் பிரயாணியே கொண்டுவர வேண்டும். பின்னணியம் அலையில் பலமாக ஏறி இறங்கும் இடம் என்பதையும் சுக்கான் இரவெல்லாம் முனகும் என்பதையும் அறிந்திருந்தும் செல்வந்தர் அதையே நாடினர். வெளிச்சமும் காற்றும் வேண்டுமாயின் வேறு வழியிருக்கவில்லை.

நீராவி வந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது. 1842 ஜனவரியில் குனார்ட் நிறுவனத்தின் ‘பிரிட்டானியா’ நீராவிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ், தமக்கு ஒதுக்கப்பட்ட கபினின் சிறுமையைக் கண்டு திகைத்ததைத் தமது பயண நூலில் நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கின்றார். பின்னர் துடுப்புச் சக்கரங்களுக்குப் பதிலாகச் சுழல் விசிறி கப்பலின் பின்புறத்தில் பொருத்தப்பட்டது. அதன் அதிர்வும் இரைச்சலும் பின்னணியத்திலேயே மிகையாக இருந்தன. ஆயினும் பழைய வழக்கப்படி முதல் வகுப்பினர் அங்கேயே வைக்கப்பட்டனர். எந்த இடத்தில் மிகுந்த பணம் அறவிடப்பட்டதோ அந்த இடத்தில்தான் தூக்கம் குறைந்தது.

இதனை மாற்றியது, பெல்பாஸ்ட் நகரில் ஹார்லண்ட் அன்ட் வூல்ஃப் தளத்தில் கட்டப்பட்டு 1871 இல் முதற் பயணத்தைத் தொடங்கிய ‘ஓஷியானிக்’ ஆகும். வைட் ஸ்டார் நிறுவனத்தின் இக்கப்பலில் முதல் வகுப்பு கப்பலின் நடுப்பகுதிக்கு நகர்த்தப்பட்டது. யன்னல்கள் பெரிதாக்கப்பட்டன. கப்பல் ஓர் ஊஞ்சற் பலகை போன்றது. இரு முனைகளும் ஏறி இறங்க, நடுப்பகுதி ஏறத்தாழ அசையாது நிற்கும். இந்த எளிய உண்மையைக் கட்டணப் பட்டியலாக மாற்றிய பெருமை ஓஷியானிக்குக்கே உரியது. ஏனைய நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. இதனால் மலிவான இடங்கள் எங்கே சென்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை, இரு முனைகளுக்குத்தான்.

எமது கடல்வழிக்கு வருவோம். 1869 நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான பிரயாணிகள் போக்குவரத்துப் பெருகிற்று. 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கொழும்பு அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவுற்றது. அதற்கு முன்னர் காலித் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிய பி அன்ட் ஓ கப்பல்கள் கொழும்புக்கு மாறின. அவுஸ்திரேலியாவுக்கும் தூர கிழக்குக்கும் செல்வோர் யாவரும் கொழும்பைக் கண்டு செல்லும் நிலை உருவாயிற்று.

அந்தப் பயணத்தின் பெருந்துன்பம் செங்கடல். குளிரூட்டும் வசதியற்ற காலம் அது. இரும்புச் சுவர் பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கும். கபினில் தூங்க முடியாமல் பிரயாணிகள் தமது படுக்கைகளை மேல்தளத்தில் விரித்தனர். கபின் இடப்புறமா வலப்புறமா என்பது அங்கு உடல்நலத்தைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘பொஷ்’ என்றொரு சொல் உண்டு. ஆடம்பரமான என்று பொருள். போகும்போது இடப்புறம், திரும்பும்போது வலப்புறம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து அது பிறந்ததாகவும், பி அன்ட் ஓ நிறுவனம் அந்நான்கு எழுத்துகளைப் பயணச்சீட்டில் பொறித்ததாகவும் ஒரு கதை உலவுகின்றது. பத்திரிகைத் தொழிலில் ஊறியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கதை எவ்வளவு அழகாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு அதன் மூலத்தைத் தேடுவார்கள். இந்தக் கதைக்கு மூலமில்லை. அவ்வாறு பொறிக்கப்பட்ட ஒரு சீட்டுக்கூட அகப்படவில்லை. சொல் முதலில் வழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே, 1930களில், இந்த விளக்கம் தோன்றியது.

சீட்டுப் பொய்யாயினும் அதிலுள்ள தருக்கம் முற்றிலும் பொய்யன்று. கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலின் இடப்புறம் வடக்கைப் பார்க்கும். மாரிகாலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இடப்புறம் நிழலாக இருக்கும். செங்கடலில் தென்கிழக்காகச் செல்கையில் காலை வெயில் இடப்புறத்திலும் மாலை வெயில் வலப்புறத்திலும் விழும். மாலை வெயில் வாங்கிய கபினில் இரவுத் தூக்கம் ஏது? ஆனால் ஏடனுக்கும் கொழும்புக்கும் இடையில், யூன் மாதத்தில், உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். அப்போது வெயில் இடப்புறத்துக்கே. தென்மேல் பருவக்காற்றோ வலப்புறத்தில் வீசும். ஆகவே எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இருக்கவில்லை. பருவம் அறிந்தவனே நல்ல கபினையும் அறிவான்.

1912 ஏப்ரலில் மூழ்கிய ‘டைட்டானிக்’, கபினின் இடம் எவ்வளவு பாரதூரமானது என்பதை உலகுக்கு உணர்த்தியது. அதன் பீ தளத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, இரு தனி உலாவு மாடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 50 அடி நீளம். அவற்றுள் ஒன்றைக் கொண்ட அறைத்தொகுதியில் வைட் ஸ்டார் நிறுவனத்தின் தலைவர் புரூஸ் இஸ்மே தங்கியிருந்தார். அவர் உயிர் தப்பினார். மூன்றாம் வகுப்பில் தனி ஆண்கள் அணியத்திலும், பெண்களும் குடும்பங்களும் பின்னணியத்திலும் இடம் பெற்றிருந்தனர். மேர்சி பிரபுவின் தலைமையில் பிரித்தானியா நடத்திய விசாரணையின் கணக்குப்படி முதல் வகுப்பினரில் 62 சதவீதமானோரும் இரண்டாம் வகுப்பினரில் 41 சதவீதமானோரும் மூன்றாம் வகுப்பினரில் 25 சதவீதமானோரும் மாத்திரமே காப்பாற்றப்பட்டனர்.

மூன்றாம் வகுப்பினருக்கு எதிராகப் பாரபட்சம் காட்டப்படவில்லை என்றே அந்த விசாரணை முடிவு செய்தது. அவர்களது உறைவிடங்கள் கப்பலின் இரு முனைகளிலும் இருந்தமையால் அவர்களை மேலே கொண்டுவருவது கடினமாயிற்று என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பாரபட்சம் அன்றிரவு காட்டப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தளவரைபடம் வரையப்பட்ட நாளிலேயே அது காட்டப்பட்டுவிட்டது.

தமிழர்களிற் பெரும்பாலோர் கடல் கடந்தது கபினில் அன்று என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1926 இல் கட்டப்பட்ட பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்தும் நாகபட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் அரை நூற்றாண்டு காலம் ஓடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. அவர்களுக்குக் கபின் இலக்கம் இல்லை. பாய் விரித்த இடமே கபின். முந்தி ஏறியவருக்குக் காற்று. பிந்தி ஏறியவருக்கு இயந்திரச் சூடு.

பல்கனி பொதுவானதன் காரணம் கப்பற் பொறியியலின் மாற்றமே. 1950களில் பி அன்ட் ஓ நிறுவனத்தின் ‘சூசன்’ போன்ற பெருங்கப்பல்களில் துடுப்புவடிவ நிலைப்படுத்திகள் பொருத்தப்பட்டன. கப்பல் பக்கவாட்டில் உருள்வது குறைந்ததால் உயர்ந்த தளங்களிலும் பிரயாணிகளை வைக்க முடிந்தது. 1961 இல் வந்த ‘கன்பெரா’வில் இயந்திரங்கள் பின்புறத்துக்கு நகர்த்தப்பட்டன, உயிர்ப்படகுகள் கீழ்த் தளத்துக்கு இறக்கப்பட்டன. உட்கபின்களுக்கும் கடல் வெளிச்சம் கிடைக்கும்படி, ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி அமைந்த கபின்களும் அதில் இருந்தன. 1984 இல் பின்லாந்தில் கட்டப்பட்டு இளவரசி டயானாவினால் பெயர் சூட்டப்பட்ட ‘ரோயல் பிரின்சஸ்’ கப்பலில் 600 கபின்கள். அனைத்தும் வெளிப்புறம் பார்த்தவை. உணவுக்கூடங்களும் கேளிக்கைக்கூடங்களும் கீழே போயின, கபின்கள் மேலே வந்தன. 1995 இன் ‘சன் பிரின்சஸ்’ பல்கனியைச் சாதாரண பிரயாணிக்கும் எட்டக்கூடியதாக்கிற்று. 2009 இல் ‘ஒயாசிஸ் ஒஃப் த சீஸ்’ கப்பலைப் பிளந்து நடுவில் பூங்கா அமைத்து, கடலைப் பாராத பல்கனிகளையும் விற்றது.

இந்த வளர்ச்சிக்கும் விலை இருந்தது. 2006 மார்ச் 23 ஆம் திகதி கரீபியன் கடலில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலில் பல்கனியொன்றில் தீப் பிடித்தது. அணைக்கப்படாது வீசப்பட்ட சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என விசாரணையாளர்கள் கருதினர். பிளாஸ்டிக் தடுப்புகளும் கதிரைகளும் தரை ஓடுகளும் தீயைப் பல்கனியிலிருந்து பல்கனிக்குக் கடத்தின. பல்கனி கப்பலுக்கு வெளியே உள்ள இடமெனக் கணிக்கப்பட்டமையால் அங்கு தீயுணரியோ நீர்தெளிப்பானோ இருக்கவில்லை. ஒரு பிரயாணி உயிரிழந்தார். அதே ஆண்டு சர்வதேச விதிகள் திருத்தப்பட்டன.

2020 பெப்ரவரியில் யொகொஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கொவிட் தொற்றினால் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். பல்கனி பெற்றவர்கள் வானத்தைப் பார்த்தனர். யன்னலற்ற உட்கபின்களில் இருந்தவர்கள் முறைவைத்துச் சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்க விடப்பட்டனர். ஊழியர்களோ பகிர்ந்துகொண்ட அறைகளில் தூங்கி எழுந்து, மற்றவர்களுக்கு உணவு சுமந்தனர். எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது.

இனி, கபின் தெரிவு செய்ய இருப்போருக்கு இவ்வரலாறு சொல்வதைச் சுருக்கிக் கூறலாம். தலைசுற்றலுக்கு அஞ்சுவோர் நடுப்பகுதியில், இயன்றவரை கீழ்த் தளத்தில், இடம் பெறுவதே நன்று. உயரம் கூடக்கூட அசைவு கூடும். அணியத்துப் பல்கனியில் காற்று மிகையாக இருக்கும். பின்னணியத்துப் பல்கனி பரந்த காட்சி தரும்; அதிர்வும் புகைக்கரியும் கூடவே வரலாம். தலைக்கு மேல் நீச்சல் தடாகத் தளம் இருந்தால் விடியற்காலையில் கதிரை இழுக்கும் ஓசை எழுப்பும். காலுக்குக் கீழ் அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை இசை கேட்கும். சில தளங்களில் உயிர்ப்படகு காட்சியை மறைக்கும்.

எந்தப் புறம் என்பதை வழித்தடமே தீர்மானிக்க வேண்டும். 2023 யூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. 1990 இல் கட்டப்பட்ட அக்கப்பலின் பெரும்பாலான கபின்களில் பல்கனி இல்லை. எமது கிழக்குக் கரையோரமாகத் தெற்கே செல்லும் கப்பலொன்றில் வலப்புறத்தார் கரையையும் மாலை வெயிலையும் பெறுவர்; இடப்புறத்தார் திறந்த கடலையும் காலைச் சூரியனையும் பெறுவர். திரும்பும்போது எல்லாம் மாறிவிடும்.

கப்பித்தானுக்கு மட்டும் உரியதாயிருந்த பின்மாடம் இன்று ஆயிரக்கணக்கானோரின் பல்கனியாகிவிட்டது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் தளவரைபடத்தில் பிரயாணிகளுக்குக் காட்டப்படாத தளங்களும் உண்டு. நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் அமைந்த அத்தளங்களில், யன்னலற்ற அறைகளில், படுக்கை விரிப்பவரும் சமைப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் தூங்குகின்றனர். அவர்களிடம் எந்தப் புறம் வேண்டுமென்று எவரும் கேட்பதில்லை.