எதிரெதிரே இரண்டு கற்கள்

பெல்ஜியத்தில் மோன்ஸ் நகரை ஒட்டி இருக்கிறது செயின்ட் சிம்போரியன் ராணுவக் கல்லறை. ஜெர்மானியர் 1914இல் தொடங்கிய இந்தக் கல்லறையில் இரு தரப்பினரும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். இங்கே சில அடி இடைவெளியில் இரண்டு பிரிட்டிஷ் கற்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று ஜான் பாருடையது. முதல் உலகப் போரில் களத்தில் பலியான முதல் பிரிட்டிஷ் சிப்பாய் என்று அறியப்படுபவன். இறந்த நாள் 1914 ஆகஸ்ட் 21. மற்றது ஜார்ஜ் எலிசனுடையது. போரில் கடைசியாகப் பலியான பிரிட்டிஷ் சிப்பாய். இறந்த நாள் 1918 நவம்பர் 11. யாரும் திட்டமிட்டு இப்படிப் புதைக்கவில்லை. முதல், கடைசி என்ற கணக்கெல்லாம் பின்னால் வந்தது.

ஜானை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. லண்டன் ஃபின்ச்லியில் ஒரு பால்காரரின் மகன். கறிக்கடையில் எடுபிடி, பிறகு கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் வேலை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டாளம் என்றால் வேளாவேளைக்குச் சாப்பாடு. வயதைக் கூட்டிச் சொல்லி மிடில்செக்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தான். சைக்கிளில் முன்னே போய் எதிரி நடமாட்டத்தைப் பார்த்து வருவதுதான் அவன் பணி. ஓபூர் கிராமத்துப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அப்போது அவனுக்கு 17 வயது.

எலிசன் லீட்ஸ்காரர். ஒருமுறை பட்டாளத்தில் இருந்துவிட்டு விலகி, நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகனும் பிறந்தான். போர் வந்ததும் மறுபடி சீருடை. 1914இல் மோன்ஸிலிருந்து பின்வாங்கிய படையில் அவரும் இருந்தார். நான்கு ஆண்டு பதுங்குகுழி வாழ்க்கையைத் தாண்டி, அதே மோன்ஸின் எல்லைக்குத் திரும்பி வந்து காலை 9.30 மணிக்கு விழுந்தார். 11 மணிக்குப் போர் நிறுத்தம். வயது 40.

சாவைவிட, சாவுச் செய்தி வீடு சேர்ந்த விதத்தில்தான் இரண்டு குடும்பங்களும் வேறுபடுகின்றன. அந்தப் போரில் அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி போகும். சாதாரணச் சிப்பாய் இறந்தால் பெயரை நிரப்பிய அச்சுப் படிவம் தபாலில் வரும். ஜானின் தாய்க்கு அந்தப் படிவம்கூட உடனே வரவில்லை. படை பின்வாங்கிய குழப்பத்தில் அவனைக் கணக்கில் வைக்க ஆளில்லை. மகன் எங்கே என்று அவள் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. எலிசனின் மனைவிக்கோ வேறு விதக் கொடுமை: ஊரெல்லாம் மணியடித்துக் கொண்டாடிய அதே நாளில் விதவையானாள். மகனுக்கு ஐந்து வயது நிறைய இன்னும் சில நாள்தான் இருந்தது.

கற்களில் ஏற்றத்தாழ்வு இல்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விதி, நல்ல விதி. ஆனால் ஜானின் கல்லில் வயது 20 என்றே இருக்கிறது. ஒரு ஏழைப் பிள்ளை பட்டாளத்தில் சேரச் சொன்ன பொய்யின் நிழல் இன்றும் கல்லில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த 20ஐ 17 என்று படியுங்கள்.